எடுத்த பையன் எப்போது வருவான்? ஒரு என்எச்எல் அணியின் இளம் வீரர்களைக் கவனிக்கப் பழகுவது

அமெரிக்கக் கால்பந்திலோ கூடைப்பந்திலோ ஓர் அணி டிராஃப்டில் ஒருவரை எடுத்தால், பெரும்பாலும் அந்த சீசனிலேயே அவரைக் களத்தில் பார்த்துவிடலாம். ஐஸ் ஹாக்கியில் அதற்குக் காத்திருக்க வேண்டும். என்எச்எல் என்ற வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கின் அணிகள் வழக்கமாக ஜூன் கடைசியில் கூடி, பதினெட்டை எட்டிய, எட்டப்போகிற பையன்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 32 அணிகள், ஏழு சுற்றுகள், சுமார் 224 பெயர்கள். அவர்களில் அதே ஆண்டு அக்டோபரில் என்எச்எல்லில் ஆடுபவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மீதிப் பேர் எங்கிருந்து வந்தார்களோ அங்கேயே திரும்பிப் போய் மூன்று, நான்கு, சில சமயம் ஆறு வருடங்கள் வளர்கிறார்கள். அணியின் கையில் இருப்பது உரிமை மட்டும்தான். பையன் இருப்பது ஸ்வீடனில், கனடாவில், பாஸ்டனில் ஏதோ ஒரு கல்லூரியில்.

இப்படிக் காத்திருப்பில் இருக்கும் வீரர்களைத்தான் 'பிராஸ்பெக்ட்' என்கிறார்கள். அவர்களைக் கவனிப்பது ஹாக்கி ரசிகர்களில் ஒரு சாராருக்குத் தனிப் பைத்தியம். புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்வது எண்களைத் தேடுவது: இத்தனை ஆட்டம், இத்தனை கோல், இத்தனை அசிஸ்ட் (சக வீரரின் கோலுக்கு வழிசெய்த பாஸ்). கோலையும் அசிஸ்டையும் கூட்டினால் வருவது 'புள்ளி'. புள்ளி அதிகம் என்றால் நல்ல பையன், குறைவு என்றால் வீண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தக் கணக்கு எங்கெல்லாம் காலை வாரிவிடும் என்பதற்கு டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியை எடுத்துக்கொள்கிறேன். 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 சீசன் பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுக்கு, போன அணி அது. அதற்குப் பிறகு 2025 வரை ஒருமுறைகூடப் போகவில்லை. பழைய கேப்டன் ஸ்டீவ் ஐசர்மேன் 2019 ஏப்ரலில் பொது மேலாளராகத் திரும்பி வந்து, டிராஃப்டை நம்பி அணியை மறுபடி கட்டத் தொடங்கினார். அதனால் இங்கே பார்ப்பதற்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

ஐசர்மேன் வந்த இரண்டே மாதத்தில், வான்கூவரில் நடந்த டிராஃப்டில் ஆறாவது இடத்தில் ஜெர்மனியின் மோரிட்ஸ் சைடரை எடுத்தார். பல பட்டியல்களில் பத்துக்குப் பிந்தியே இருந்த பெயர். அறிவிப்பைக் கேட்டதும் சைடரே வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்ததைக் கேமரா காட்டியது. அடுத்து அவரை எங்கே ஆட வைப்பது? இங்கேதான் பையன் எந்த வழியில் வந்தான் என்பது முக்கியமாகிறது.

வழிகள் மூன்று. கனடாவின் ஜூனியர் லீக்குகள் முதலாவது. ஒன்டாரியோ, மேற்குக் கனடா, கியூபெக் என மூன்று லீக்குகள் ஒரே குடையின் கீழ் இயங்குகின்றன. பதினாறு முதல் இருபது வயதுப் பையன்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்வார்கள். இரண்டாவது அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி. அங்கே ஆட்டங்கள் குறைவு, எதிராளிகளில் 23, 24 வயதுக்காரர்கள்கூட இருப்பார்கள். மூன்றாவது ஐரோப்பா. அங்கே திறமை இருந்தால் பதினேழு வயதுப் பையனைக்கூட முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு இறக்கிவிடுவார்கள். முன்பெல்லாம் கனடா ஜூனியரில் ஆடியவர் அமெரிக்கக் கல்லூரிக்குப் போக முடியாது. அந்தத் தடை 2025 ஆகஸ்டில் நீங்கியது, இப்போது ஜூனியரிலிருந்து கல்லூரிக்குத் தாவுவது சாதாரணமாகிவிட்டது.

கனடா ஜூனியரிலிருந்து எடுக்கப்பட்ட பையனுக்கு நீண்ட காலமாக ஒரு கட்டுப்பாடு உண்டு. இருபது வயதுக்குள் அவன் ஒன்று என்எச்எல்லில் ஆட வேண்டும், இல்லையென்றால் ஜூனியருக்கே திரும்ப வேண்டும். நடுவில் இருக்கும் ஏஎச்எல்லுக்கு அனுப்ப முடியாது. ஏஎச்எல் என்பது என்எச்எல்லுக்கு ஒரு படி கீழே இருக்கும் தொழில்முறை லீக். ஒவ்வொரு என்எச்எல் அணிக்கும் அங்கே ஒரு துணை அணி உண்டு, டெட்ராய்ட்டுக்கு அது மிச்சிகனிலேயே இருக்கும் கிராண்ட் ரேப்பிட்ஸ் கிரிஃபின்ஸ். ஜூனியர் சின்னதாகிவிட்டது, என்எச்எல் இன்னும் பெரிதாக இருக்கிறது என்ற நிலையில் பல பத்தொன்பது வயதுப் பையன்கள் ஒரு வருடத்தை வீணடித்திருக்கிறார்கள். 2026 செப்டம்பரில் அமலுக்கு வரும் புதிய ஒப்பந்தம், ஓர் அணி ஒரே ஒரு பத்தொன்பது வயதுப் பையனை மட்டும் ஏஎச்எல்லுக்கு அனுப்பலாம் என்று இதைத் தளர்த்துகிறது.

சைடர் வந்தது ஐரோப்பாவிலிருந்து, எனவே அவருக்கு இந்தத் தடை இல்லை. பதினெட்டு வயதில் நேராக கிராண்ட் ரேப்பிட்ஸ் போனார். 49 ஆட்டத்தில் 2 கோல், 20 அசிஸ்ட். வெறும் எண்ணாகப் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். பதினெட்டு வயது தடுப்பாட்டக்காரர், குடும்பஸ்தர்களும் ஆடும் லீக்கில், முதல் வருடத்திலேயே இதைச் செய்கிறார் என்று பார்த்தால் வேறு கதை. அடுத்த வருடம் கோவிட் காரணமாக ஸ்வீடனின் ரோக்லே அணியில் ஆடி, அந்த லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். 2021-22இல் டெட்ராய்ட் வந்தார். 82 ஆட்டத்திலும் ஆடி 50 புள்ளி, ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை.

வயதைக் கணக்குப் பார்க்கும்போது ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது, மாதத்தையும் பார்க்க வேண்டும். டிராஃப்டுக்கான எல்லைக்கோடு செப்டம்பர் 15. அந்தத் தேதிக்குள் பதினெட்டு நிரம்புகிறவர்கள் அந்த ஆண்டு ஜூன் டிராஃப்டில் வரலாம், ஒரு நாள் தவறினாலும் அடுத்த ஆண்டுதான். டொரொன்டோவின் ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாளில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டு, இடைப்பட்ட வருடம் ஸ்விட்சர்லாந்தில் பெரியவர்களோடு ஆடி, 2016இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். என்எச்எல்லில் அவருடைய முதல் ஆட்டத்தில் நான்கு கோல். ஒரே டிராஃப்டில் வரும் இரண்டு பேருக்கு நடுவே இப்படிக் கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி இருக்கலாம். அந்த வயதில் ஒரு வருடம் என்பது உயரத்தில், எடையில், சறுக்கும் வேகத்தில் எல்லாம் தெரியும். ஆகவே ஒருவரின் பக்கத்தைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது பிறந்த தேதிதான். கோல் எண்ணிக்கை அதற்குப் பிறகு.

82 புள்ளியும் 10 புள்ளியும்

இனி விஷயத்துக்கு வருவோம். டெட்ராய்ட் எடுத்த இரண்டு முன்கள வீரர்கள். 2018இல் ஆறாவது இடத்தில் செக் நாட்டின் ஃபிலிப் ஸடினா. எடுக்கப்பட்ட சீசனில் கியூபெக் ஜூனியர் லீக்கின் ஹாலிஃபாக்ஸ் அணிக்கு 57 ஆட்டத்தில் 44 கோல், மொத்தம் 82 புள்ளி. 2020இல் நான்காவது இடத்தில் ஸ்வீடனின் லூகாஸ் ரேமண்ட். எடுக்கப்பட்ட சீசனில் ஃப்ரோலுண்டா அணிக்கு 33 ஆட்டத்தில் 4 கோல், மொத்தம் 10 புள்ளி.

82 எங்கே, 10 எங்கே! இரண்டு லீக்குகளும் ஒன்றல்ல என்பது புரிகிறது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஒரு முறை இருக்கிறது, 'என்எச்எல் சமானம்' என்று சொல்லலாம். ஒரு லீக்கிலிருந்து என்எச்எல்லுக்குப் போனவர்கள் தங்கள் புள்ளிகளில் எவ்வளவு பங்கைக் கூடவே கொண்டுபோனார்கள் என்று பார்த்து, அந்த லீக்குக்கு ஒரு பெருக்கு எண் வைப்பார்கள். கணக்கிடுபவரைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும். தோராயமாகக் கியூபெக் ஜூனியருக்குக் கால் பங்கு, ஸ்வீடனின் மேல் லீக்குக்குப் பாதிக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸடினாவின் வேகத்தை 82 ஆட்டத்துக்கு நீட்டினால் 118 புள்ளி, அதில் கால் பங்கு சுமார் 30. ரேமண்டுடையதை நீட்டினால் 25, அதில் பாதிக்குச் சற்று மேல் என்றால் 13 அல்லது 14. சரிக்கட்டிய பிறகும் ஸடினாதான் மேலே இருக்கிறார். அப்படியானால் டெட்ராய்ட் ரேமண்டிடம் என்னத்தைக் கண்டது?

ஆடிய நேரத்தைப் பாருங்கள். ஓர் ஆட்டம் 60 நிமிடம். ஓர் அணியின் நட்சத்திர முன்கள வீரர் அதில் பதினெட்டு, இருபது நிமிடம் பனியில் இருப்பார். ஜூனியரில் ஸடினா அந்த இடத்தில் இருந்தவர், எதிரணி ஓர் ஆள் குறைவாக ஆடும் 'பவர்பிளே'யிலும் அவர்தான். பதினேழு வயது ரேமண்ட் ஃப்ரோலுண்டாவில் சராசரியாகப் பத்து நிமிடத்தைத் தொட்டும் தொடாமலும் ஆடினார். ஐரோப்பாவின் பலமான கிளப்புகளில் ஒன்று அது, பயிற்சியாளருக்கு அன்றைய ஆட்டத்தை ஜெயிப்பதுதான் வேலை. சின்னப் பையனுக்குக் குறைவாக இறக்கப்படும் நான்காவது வரிசையில் கொஞ்சம் நேரம் கொடுப்பார், ஒரு தப்பு செய்தால் பெஞ்சில் உட்கார வைப்பார். கிடைத்த நிமிடங்களுக்கு வகுத்துப் பார்த்தால் ரேமண்டின் 10 புள்ளி மோசமில்லை. தன் வயதுக்காரர்களோடு ஆடியபோது அவர் யார் என்பதும் பதிவாகியிருந்தது: 2019இல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் ரஷ்யாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார், அதில் ஒன்று கூடுதல் நேரத்தில் வெற்றியைத் தந்த கோல். அந்தப் போட்டியில் ஸ்வீடனுக்கு அதுதான் முதல் தங்கம்.

ரேமண்ட் 2021-22இல் டெட்ராய்ட் வந்து முதல் சீசனிலேயே 57 புள்ளி எடுத்தார். ஸடினா டெட்ராய்ட்டுக்காக ஆடிய 190 ஆட்டத்தில் அவர் போட்டது 28 கோல். அவருக்கு அடுத்து ஏழாவது இடத்தில் வான்கூவர் எடுத்த க்வின் ஹியூஸ் 2024இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை வாங்கினார். டெட்ராய்ட் ரசிகர்களிடம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

இதை வைத்து ஜூனியர் புள்ளிகள் குப்பை என்று சொல்லவும் முடியாது. என்எச்எல்லின் பெரிய நட்சத்திரமான கானர் மெக்டேவிட் ஜூனியரில் புள்ளிகளைக் குவித்துவிட்டுத்தான் வந்தார். புள்ளிக்குப் பக்கத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும்: யாரோடு மோதி எடுத்தது, எந்த வயதில், எத்தனை நிமிடத்தில். எலைட் பிராஸ்பெக்ட்ஸ் என்ற ஸ்வீடன் தளத்தில் எல்லா லீக் எண்களும் பிறந்த தேதியோடு கிடைக்கும். ஆடிய நேரத்தைப் பெரும்பாலும் அந்தந்த லீக்கின் தளத்தில்தான் தேட வேண்டும், ஜூனியர் லீக்குகளில் அது பல சமயம் கிடைப்பதே இல்லை.

பக் இல்லாத இடம்

எண்களுக்கு வெளியே, ஆட்டத்தைப் பார்க்கவும் வேண்டும். புதியவர்கள் பக்கின் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டின்) பின்னாலேயே கண்ணை ஓட்டுவார்கள். ஒரு பையனைக் கவனிக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று முறையாவது பக்கை விட்டுவிட்டு அவனையே பாருங்கள். ஒருமுறை பனியில் இறங்கி ஏறுவது நாற்பது, ஐம்பது விநாடிதான்.

தடுப்பாட்டக்காரர் என்றால் இந்த ஒரு தருணம் போதும். எதிரணி பக்கை மூலைக்குத் தள்ளிவிட்டுத் துரத்தி வருகிறது. நம் பையன் முதுகைக் காட்டிக்கொண்டு பக்கை எடுக்கப் போகிறான். தொடுவதற்கு முன் தோளுக்கு மேலே ஒருமுறை திரும்பிப் பார்த்தானா? எத்தனை பேர் வருகிறார்கள், தன் ஜோடி எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்துகொண்டானா? பார்த்திருந்தால் பக் கையில் வந்த உடனே அது வெளியே போய்விடும், அரங்கில் யாரும் கைதட்டவும் மாட்டார்கள். பார்க்காதவன் பக்கை எடுத்த பிறகுதான் யோசிப்பான், அதற்குள் கண்ணாடிச் சுவரோடு சேர்த்து அழுத்திவிடுவார்கள். ஜூனியரில் துரத்தி வருபவன் அரை விநாடி தாமதமாக வருவான், எனவே இந்தக் குறை அங்கே மறைந்துவிடும். ஏஎச்எல் போனதும் பல நல்ல பெயர்கள் திணறுவது இங்கேதான்.

முன்கள வீரர் என்றால், பக்கை இழந்த அடுத்த மூன்று விநாடி என்ன செய்கிறான் என்று பாருங்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வளைந்து திரும்புகிறவனுக்குப் பயிற்சியாளர் நிமிடங்களைக் கூட்டிக் கொடுக்க மாட்டார்.

கிராண்ட் ரேப்பிட்ஸில் ஆடும் வருடங்களில் பொறுமை அதிகம் வேண்டும். 2021இல் ஆறாவதாக எடுக்கப்பட்ட சைமன் எட்வின்சன், ஆறடி ஆறு அங்குல ஸ்வீடன்காரர், ஏறக்குறைய இரண்டு சீசன் அங்கே இருந்தார். 2022-23இல் டெட்ராய்ட்டுக்கு அழைத்து 9 ஆட்டம் மட்டும் ஆட வைத்தார்கள். ஏன் பத்தாவது இல்லை? பதினெட்டு, பத்தொன்பது வயது வீரரின் முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். அந்த வயதில் ஒரு சீசனில் பத்து என்எச்எல் ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அந்த வருடம் கணக்கில் கழியாது, ஒப்பந்தம் அப்படியே ஒரு வருடம் தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டம் ஆடிவிட்டால் மலிவான மூன்று வருடங்களில் ஒன்று போய்விடும். 2018-19இல் ஸடினாவும் சரியாக 9 ஆட்டம்தான் ஆடினார். ஒரு பையன் ஒன்பது ஆட்டத்தோடு திரும்ப அனுப்பப்பட்டால், அவன் ஆட்டத்தில் கோளாறு என்று உடனே எண்ணிவிட வேண்டாம்.

ஆஸ்திரியாவின் மார்கோ காஸ்பர் இன்னொரு மாதிரி. 2022இல் எட்டாவது. கிரிஃபின்ஸில் முதல் முழு சீசனில் 71 ஆட்டத்துக்கு 35 புள்ளி, சுமார்தான். 'இவன் மூன்றாம் வரிசைக்குத்தான் லாயக்கு' என்ற பேச்சு கிளம்பியது. அடுத்த சீசன் டெட்ராய்ட்டில் 77 ஆட்டத்தில் 19 கோல். அந்த சீசனின் நடுவில், 2024 டிசம்பரில், பயிற்சியாளர் மாறினார். புதிதாக வந்த டாட் மெக்லெலன் காஸ்பரை நடுவிலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றி, கேப்டன் டிலன் லார்கின், ரேமண்ட் இருவரோடும் ஆட வைத்தார். கோல்களில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வந்தவை. பக்கத்தில் யார் ஆடுகிறார்கள் என்பதும் ஒரு பையனின் எண்ணில் கலந்திருக்கும்.

டெட்ராய்ட் ரசிகர்களிடம் ஒரு பழைய போதை உண்டு, கடைசிச் சுற்றுகளின் மேல். பவெல் டாட்ஸ்யூக் 1998இல் 171ஆவது, ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் 1999இல் 210ஆவது. இருவரையும் ஐரோப்பாவில் அணிக்காகத் தேடியவர் ஹோகன் ஆண்டர்சன். 2008இல் டெட்ராய்ட் என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளேஆஃபின் சிறந்த வீரர் ஸெட்டர்பெர்க். அப்போதெல்லாம் ரஷ்யாவின் உள்ளூர் ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள் குறைவு, ஒளிந்துகிடக்க இடம் இருந்தது. இன்று எல்லா லீக் ஆட்டங்களும் காணொளியில் வருகின்றன. ஆறாம், ஏழாம் சுற்றுப் பெயர்களில் பெரும்பாலானவை ஒரு என்எச்எல் ஆட்டம்கூட ஆடாமல் மறைந்துவிடும் என்பதே நடைமுறை. இருந்தாலும் 2023இல் 201ஆவதாக எடுத்த எம்மிட் ஃபின்னி, அதே டிராஃப்டில் ஒன்பதாவதாக எடுத்த நேட் டேனியல்சனை முந்திக்கொண்டு, 2025 அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே டெட்ராய்ட் சட்டையோடு இறங்கினார். இப்படி ஒன்று நடந்தால் அடுத்த பத்து வருடத்துக்கு எல்லாரும் ஏழாம் சுற்றை விடிய விடியப் பார்ப்பார்கள்.

ஆண்டு முழுவதும் பின்தொடர நேரமில்லாதவர்கள் டிசம்பர் 26 தொடங்கும் உலக ஜூனியர் போட்டியை மட்டும் பார்ப்பார்கள். இருபது வயதுக்குட்பட்டோர் ஆடுவது, பார்க்க அருமையான போட்டி, தீர்ப்பு சொல்ல ஆபத்தான போட்டி. ஏழே ஆட்டங்கள்தான். 2012இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நம் உன்முக்த் சந்த் ஆட்டமிழக்காமல் 111 அடித்ததும், அவர் இந்திய சீனியர் அணிக்கு ஒருமுறைகூட ஆடாமல் அமெரிக்காவுக்குப் போனதும் நினைவிருக்கும். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு பையனைத் தலையில் தூக்கிவைப்பதற்கு முன் அவன் பிப்ரவரியில் தன் கிளப்புக்கு எப்படி ஆடுகிறான் என்று பார்த்துவிடலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது செப்டம்பரில் மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டியில் டெட்ராய்ட் பல ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கும் இளம் வீரர் போட்டி. சின்ன அரங்கம், யாருக்கும் பெரிய பெயர் இல்லை, தங்களைக் காட்டிக்கொள்ள எல்லாரும் கொஞ்சம் அதிகமாகவே மோதுவார்கள்.

கோல்கீப்பர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. அவர்கள் தாமதமாகத்தான் பழுப்பார்கள், 24, 25 வயதில் நிலைத்தால் சரியான நேரம் என்றே கொள்ளலாம். 2021இல் முதல் சுற்றில் மேலே ஏறி 15ஆவது இடத்தில் டெட்ராய்ட் எடுத்த செபாஸ்டியன் கோசா, முதல் தொழில்முறை வருடத்தின் பெரும்பகுதியை ஏஎச்எல்லுக்கும் ஒரு படி கீழே, ஒஹையோவின் டொலீடோ அணியில் கழித்தார். முதல் சுற்று வீரர் மூன்றாம் தட்டு லீக்கிலா என்று புலம்பாதவர் இல்லை. அங்கே போனதால் அவருக்கு வாரம் இரண்டு மூன்று ஆட்டம் கிடைத்தது. கிராண்ட் ரேப்பிட்ஸில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அது கிடைத்திருக்காது. 2024 டிசம்பரில் பஃபலோவில் ஆட்டத்தின் நடுவே மாற்றாக இறங்கி, சமநிலையை முடித்துவைக்கும் ஷூட்அவுட்டில் தன் முதல் என்எச்எல் வெற்றியை எடுத்தார்.

ஒரு பெயரை எப்போது பட்டியலிலிருந்து அடிப்பது? அணியே பதில் சொல்லிவிடும் ஒரு கட்டம் வரும். ஆரம்ப வருடங்களில் ஒரு வீரரை என்எச்எல்லுக்கும் ஏஎச்எல்லுக்கும் நடுவே இஷ்டம்போல் அனுப்பி அழைக்கலாம். ஒப்பந்தம் போட்ட வயதையும் ஆடிய ஆட்டங்களையும் பொறுத்து அந்தச் சலுகை முடியும். அதன் பிறகு கீழே அனுப்ப வேண்டுமென்றால் முதலில் 'வெய்வர்ஸ்' பட்டியலில் வைக்க வேண்டும். மற்ற 31 அணிகளில் யார் வேண்டுமானாலும் பதிலுக்கு ஒரு வீரரைக்கூடத் தராமல் அவரை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சலுகை முடிந்த ஆண்டின் அக்டோபரில், சீசன் தொடங்கும்போது, அணி ஒரு வீரரைத் தக்கவைக்க வேறு யாரை விடுகிறது என்று பார்த்தால், அவர் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஸடினாவை டெட்ராய்ட் 2023 கோடையில் வெய்வர்ஸில் வைத்தது. ஒருவரும் எடுக்கவில்லை. இரு தரப்பும் பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள், வரவேண்டிய 45 லட்சம் டாலருக்கு மேல் அவர் விட்டுக்கொடுத்தார். ஒரு வருடம் சான் ஹோசேயில் ஆடிவிட்டு, 24 வயதில் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் கிளப்புக்குப் போனார்.